பிளஸ் டூ வேதியியலுக்குச் செயலி போதுமா, புத்தகம் வேண்டுமா?

கேள்வி இதுதான்: "என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் ஒன் முடித்து, பிளஸ் டூ போகிறாள். நீட் எழுதும் எண்ணமும் இருக்கிறது. பொறியியல் படிக்கும் அவள் அண்ணன், வேதியியலுக்குப் புத்தகம், கைடு எல்லாம் வேண்டாம், கைப்பேசிச் செயலிகளே போதும் என்கிறான். டேப்லெட் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா, அந்தப் பணத்தைப் புத்தகத்துக்குச் செலவிடலாமா?"

உங்கள் மகன் சொல்வதில் ஒரு பகுதி சரி. வேதியியலில் தகவல் தேடும் வேலையை உலகம் எப்போதோ திரைக்கு மாற்றிவிட்டது. வேதியியல் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்து 1907 முதல் அச்சில் வந்துகொண்டிருந்த 'கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ்' 2010 ஜனவரியோடு அச்சை நிறுத்திக்கொண்டது. கரிம வேதியியலாளர்கள் நூறாண்டுக்கும் மேல் நம்பியிருந்த, கரிமச் சேர்மங்களின் தகவல் தொகுப்பான பெய்ல்ஸ்டைன் தொகுதிகள் அதற்கும் முன்பே, 1998இல் அச்சில் முடிந்துபோயின. இன்று ஒரு சேர்மத்தின் உருகுநிலையைத் தெரிந்துகொள்ள எந்த ஆராய்ச்சியாளரும் அலமாரியில் தடித்த தொகுதியைத் தேடமாட்டார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2004இல் தொடங்கிய 'பப்கெம்' தரவுத்தளத்தில் பெயரைத் தட்டினால் போதும், இலவசமாகவே கிடைத்துவிடும்.

ஆனால் அந்த ஆராய்ச்சியாளர் வேதியியலை ஏற்கெனவே கற்று முடித்தவர். அவருக்கு வேண்டியது எண். உங்கள் மகளுக்கு வேண்டியது, எண்ணும் சமன்பாடும் கையில் வந்து நிற்கும் பழக்கம். பிளஸ் டூ பொதுத்தேர்வில் வேதியியல் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15 போக, மீதி 55 மதிப்பெண்ணையும் பேனாவால் எழுதித்தான் வாங்க வேண்டும். 2025ஆம் ஆண்டு நீட் தேர்வும் தாளில்தான் நடந்தது: 180 நிமிடத்தில் 180 வினாக்கள், அவற்றில் வேதியியல் 45. கால்குலேட்டருக்கும் இடமில்லை, மடக்கை அட்டவணைக்கும் இடமில்லை. எனவே பாடத்தின் எந்தப் பகுதியைக் கைப்பேசியில் படிப்பது, எதைத் தாளில் படிப்பது என்று பிரித்துப் பார்த்தால்தான் பயனுண்டு. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

கைப்பேசி சந்தேகமில்லாமல் வெல்லும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். அது வடிவம். மூலக்கூறுகள் முப்பரிமாணத்தில் இருக்கின்றன, புத்தகத்தின் பக்கம் தட்டையாக இருக்கிறது. திண்ம நிலைப் பாடத்தில் முகப்பு மைய கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அலகுக்கூட்டுக்கு நான்கு அணுக்கள், அணைவு எண் (ஓர் அணுவைத் தொட்டு நிற்கும் அணுக்கள்) 12, அணுக்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் நான்முகி வெற்றிடங்கள் எட்டு, எண்முகி வெற்றிடங்கள் நான்கு, நிரம்பியிருக்கும் இடம் 74 சதவீதம். இவற்றை எல்லா மாணவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். "அந்த எண்முகி வெற்றிடம் எங்கே இருக்கிறது, விரலை வைத்துக் காட்டு" என்றால் கனசதுரத்தின் மையத்தைக் காட்டுவார்கள். அது ஒன்றுதான். மற்ற மூன்றும் விளிம்புகளின் நடுவே நான்கில் ஒரு பங்காகச் சிதறிக் கிடக்கின்றன. 12 விளிம்புகள், கால் கால் பங்காகச் சேர்த்தால் மூன்று. கனசதுரத்தைத் திரையில் சுழற்றிப் பார்க்கும் மாணவிக்கு இது இரண்டு நிமிட வேலை. கரும்பலகையில் நான் எத்தனை வண்ணச் சுண்ணக்கட்டி பயன்படுத்தினாலும் வகுப்பில் பாதிப் பேருக்கு அது விளங்காது.

அணைவுச் சேர்மங்களும் அப்படித்தான். கோபால்ட்டைச் சுற்றி மூன்று எத்திலீன்டைஅமீன் ஈனிகள் (உலோகத்தோடு இணையும் மூலக்கூறுகள்) பிடித்திருக்கும் அணைவுக்கு இரண்டு ஆடிப் பிம்ப வடிவங்கள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. பாடநூலில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஏன் பொருந்தாது என்பதைப் படத்தைப் பார்த்து நம்புவதற்கு நல்ல கற்பனை வேண்டும். திரையில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எப்படித் திருப்பினாலும் மற்றதாக ஆகாது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். சைக்ளோஹெக்சேனின் நாற்காலி வடிவம், மீத்தேனின் நான்முகி, பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் அச்சுப் பிணைப்புக்கும் தளப் பிணைப்புக்கும் உள்ள வேறுபாடு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடங்கிய 'பெட்' திட்டத்தின் உருவகப்படுத்துதல்கள் இலவசம். மூலக்கூறு வடிவங்களுக்கு அங்கே நல்ல பயிற்சி இருக்கிறது. வீமன் அதற்கு முந்தைய ஆண்டுதான் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றிருந்தார். நம்முடைய மாநிலப் பாடநூலிலும் பாட முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி, கியூஆர் குறியீட்டோடு இருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. தேர்வில் வராது என்பதுதான் காரணம்.

இங்கே ஒரு நிபந்தனை. திரையில் சுழற்றிப் பார்த்த பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்த்ததை நோட்டில் வரைய வேண்டும். முன்னால் வரும் பிணைப்புக்குத் தடித்த ஆப்புக் கோடு, பின்னால் போகும் பிணைப்புக்குப் புள்ளிக் கோடு. இரண்டு மூன்று தடவை தப்பாக வரும். அந்தத் தப்புகளில்தான் வடிவம் மனதில் ஏறும். சுழற்றிப் பார்த்ததோடு நிறுத்தியவர்கள், "தெரியும் சார், பார்த்திருக்கிறேன்" என்பார்கள். சாக்பீஸை நீட்டினால் கை நகராது.

முப்பரிமாணம் கைப்பேசியோடு வந்ததும் அல்ல. வேதியியலாளர் ஹாஃப்மன் 1865இல் லண்டன் ராயல் நிறுவனத்தில் உரையாற்றியபோது, குரோக்கே விளையாட்டின் மரப்பந்துகளைக் குச்சிகளால் இணைத்து மூலக்கூறுகளைக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், ஹைட்ரஜனுக்கு வெள்ளை, குளோரினுக்குப் பச்சை என்று அவர் பூசிய நிறங்களைத்தான் உங்கள் மகன் வைத்திருக்கும் செயலியும் இன்று காட்டுகிறது. அவருடைய கார்பனுக்கு நான்கு கைகளும் ஒரே தளத்தில் இருந்தன, அது தவறு. 1874இல் வான்ட் ஹாஃப் நான்முகிக் கார்பனை முன்வைத்தபோது, அட்டைத்தாளை வெட்டி ஒட்டிச் சிறிய நான்முகிகள் செய்து மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். அவற்றில் சில இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அட்டை கிடந்தால் போதும், அதே வேலையை மகளும் ஒரு மாலையில் செய்துவிடலாம்.

இனி, கைப்பேசி காலை வாரும் இடம். சமன்பாடுகளைச் சமன்செய்யும் செயலிகள் நிறைய இருக்கின்றன. வினைபடு பொருளையும் விளைபொருளையும் தட்டினால் எண்களைத் தந்துவிடும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான், எனக்கு மிகவும் பிடிக்காததும் இதுதான். சோம்பேறித்தனம் வளரும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கருவிகளுக்கு வேதியியல் தெரியாது. இருபுறமும் அணுக்களின் எண்ணிக்கையைச் சமமாக்கும் இயற்கணிதம் மட்டும்தான் அவை செய்வது.

ஓர் எடுத்துக்காட்டு. அமில ஊடகத்தில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரிகின்றன. கந்தக அமிலமும் உண்டு. விளைபொருள்கள் பொட்டாசியம் சல்பேட், மாங்கனீசு சல்பேட், ஆக்சிஜன், நீர். சரியான எண்கள்: பர்மாங்கனேட் 2, பெராக்சைடு 5, அமிலம் 3, விளைவது பொட்டாசியம் சல்பேட் 1, மாங்கனீசு சல்பேட் 2, ஆக்சிஜன் 5, நீர் 8. இப்போது செயலி தரக்கூடிய இன்னொன்றைப் பாருங்கள்: பர்மாங்கனேட் 2, பெராக்சைடு 3, அமிலம் 3, விளைவது பொட்டாசியம் சல்பேட் 1, மாங்கனீசு சல்பேட் 2, ஆக்சிஜன் 4, நீர் 6. தாளில் எண்ணிப் பாருங்கள். முதலாவதில் இருபுறமும் ஆக்சிஜன் அணுக்கள் 30, ஹைட்ரஜன் 16. இரண்டாவதில் ஆக்சிஜன் 26, ஹைட்ரஜன் 12. இரண்டுமே சமன்! இப்படி எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம்.

காரணம் எளிது. பெராக்சைடு தானாகவே சிதைந்து நீரையும் ஆக்சிஜனையும் தரக்கூடியது. அந்தச் சிதைவை எந்த அளவில் இந்தச் சமன்பாட்டோடு கூட்டினாலும் கழித்தாலும் எண்ணிக்கை கெடாது. இவற்றில் எது உண்மையான வினை என்று முடிவு செய்ய எலக்ட்ரான்களிடம் போக வேண்டும். மாங்கனீசு +7இலிருந்து +2க்கு இறங்குகிறது. ஓர் அணுவுக்கு ஐந்து எலக்ட்ரான், இரண்டு அணுவுக்குப் பத்து. பெராக்சைடில் ஆக்சிஜன் −1இலிருந்து 0க்கு ஏறுகிறது. ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான் தரும். பத்து எலக்ட்ரான் வேண்டுமானால் ஐந்து மூலக்கூறு வேண்டும். ஆகவே 2க்கு 5. ஆக்சிஜனேற்ற எண் முறை என்று பிளஸ் ஒன்னில் நடத்துவது இதைத்தான். செயலி தந்த 2க்கு 3 என்ற விகிதத்தை நம்பி ஒரு தரம்பார்த்தல் கணக்கை (தெரிந்த கரைசலைக் கொண்டு இன்னொன்றின் அளவைக் காண்பது) போட்டால், பெராக்சைடின் அளவு 40 சதவீதம் குறைவாக வரும். தேர்வில் கேட்கும் நான்கு விடைகளில் அந்தத் தப்பான எண்ணும் ஒன்றாக நின்றுகொண்டிருந்தால் வியப்பில்லை. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு மாணவர்கள் எங்கே வழுக்குவார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால் தீர்வு சொல்லும் செயலிகள், கேட்டதற்கெல்லாம் விளக்கம் தரும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு கருத்தை வேறு விதமாக விளக்கச் சொல்லிக் கேட்க உரையாடிகள் உதவும், மறுக்கவில்லை. தமிழிலும் ஓரளவு பதில் சொல்கின்றன. ஆனால் கட்டமைப்பு வாய்பாட்டில் கார்பனை எண்ணுவதிலும், மாற்றியங்களை முழுமையாகப் பட்டியலிடுவதிலும் அவை சறுக்குவது உண்டு. சறுக்கும்போதும் குரலில் தயக்கம் இருக்காது. அவை தரும் எந்த எண்ணையும் பாடநூலில் சரிபார்க்காமல் நோட்டில் ஏற்றக்கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தீர்வைப் பார்ப்பதில் இன்னொரு கெடுதல் உண்டு. பார்த்தவுடன் புரிந்துவிட்டது போல் இருக்கும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்துவிட்டுத் தன்னைத் தானே சோதித்துக்கொண்டவர்களுக்கே அப்போது அதிகம் நினைவிருந்தது. இதில் வேடிக்கை, தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே. கைடில் விடையைப் பார்த்துப் படிப்பதும் இதே குற்றம்தான். அச்சில் இருக்கிறது என்பதால் புனிதமாகிவிடாது.

கரைசலின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். கணக்குகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பி.எச். என்ன? பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்தால் ஒரு தட்டு. தேர்வுக் கூடத்தில் அது இல்லை. மடக்கை 2 = 0.3010, மடக்கை 3 = 0.4771 என்ற இரண்டு எண்கள் நினைவில் இருந்தால் போதும். 18 என்பது 2 பெருக்கல் 3 பெருக்கல் 3. ஆகவே மடக்கை 1.8 ஏறத்தாழ 0.255. மாறிலியின் மடக்கையை எதிர்க்குறியோடு எடுத்தால் 5 கழித்தல் 0.255, அதாவது 4.74 அல்லது 4.75. அதோடு 1ஐக் கூட்டிப் பாதியாக்கினால் 2.87. பழகிய மாணவி இதை ரஃப் இடத்தில் ஒரே வரியில் முடிப்பாள். பழகாதவள் கைப்பேசி இல்லாமல் திகைப்பாள். கணக்குப் பயிற்சி நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

தரவுகளைப் பொறுத்தவரை செயலி, புத்தகம் இரண்டையுமே கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தனிம வரிசை அட்டவணைச் செயலிகள் அழகாக இருக்கும்; தொட்டால் ஒவ்வொரு தனிமத்துக்கும் இருபது முப்பது பண்புகள் வரும். ஆனால் 'அணு ஆரம்' என்று ஒரே ஓர் எண்ணைப் போட்டுவிட்டு, எந்த ஆரம் என்று சொல்லாத செயலிகள் பல. பிணைந்த அணுக்களை வைத்து அளக்கும் சகப்பிணைப்பு ஆரம் குளோரினுக்கு 99 பிக்கோமீட்டர்; பிணையாமல் தொட்டு நிற்கும் அணுக்களை வைத்து அளக்கும் வாண்டர்வால்ஸ் ஆரம் ஏறத்தாழ 175. வரிசையில் இடமிருந்து வலமாகப் போகும்போது ஆரம் குறையும் என்று படித்த பிள்ளை, சில அட்டவணைகளில் ஆர்கானுக்கு வந்ததும் எண் திடீரென்று ஏறுவதைப் பார்த்துக் குழம்புகிறது. ஆர்கான் எளிதில் பிணைப்பு அமைக்காததால் அதற்கு மட்டும் வாண்டர்வால்ஸ் ஆரத்தைப் போட்டிருப்பார்கள், வேறொன்றும் இல்லை. நல்ல பாடநூல் இதை அடிக்குறிப்பில் சொல்லும். செயலியில் அடிக்குறிப்புக்கு இடமிருப்பதில்லை.

புத்தகத்தின் குறை வேறு: அது மூப்படையும். சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய வேதியியல் நூல்களை அள்ளிக்கொண்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டல அழுத்தத்திலிருந்து 1 பார் ஆக மாற்றும்படி, வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயூபேக் 1982இல் பரிந்துரைத்தது. அதனால் திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் வாயுவின் பருமன் பழைய நூலில் 22.4 லிட்டர், புதிய வரையறைப்படி 22.7 லிட்டர். இரண்டும் அதனதன் அழுத்தத்தில் சரி. வினாவில் அழுத்தம் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை எடுக்க வேண்டும். அதேபோல், மின்முனை மின்னழுத்தங்களை ஒடுக்க மின்னழுத்தமாகவே குறிப்பது என்று 1953இல் ஸ்டாக்ஹோமில் முடிவான பிறகும், அமெரிக்க நூல்கள் சில நெடுங்காலம் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தையே அச்சிட்டுவந்தன. அவற்றில் துத்தநாகத்துக்கு +0.76 வோல்ட் என்றிருக்கும். இன்றைய பாடநூலில் −0.76. குறியைக் கவனிக்காமல் எடுத்து மின்கலக் கணக்கில் போட்டால் முழு விடையும் போயிற்று. 2016க்கு முன் அச்சான அட்டவணைகளில் நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஒகனெசான் என்ற நான்கு பெயர்களும் இருக்காது. தேர்வுக்கு அதனால் பெரிய நட்டமில்லை.

பாடத்திட்டமும் இப்படி இடம் மாறும். நீட் பாடத்திட்டத்திலிருந்து திண்ம நிலை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல் முதலியவை 2024இல் நீக்கப்பட்டன. மாநிலப் பாடநூலில் அவை இருக்கின்றன. நீட்டை மட்டும் மனதில் வைத்துச் செய்த செயலியை நம்பினால் பொதுத்தேர்வுக்கு ஓட்டை விழும். பழைய நீட் கைடை நம்பினால் தேவையில்லாத பாடங்களில் நேரம் போகும். ஆகவே இரண்டு பாடத்திட்டங்களையும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எது எதற்கு என்று நிறம் தீட்டிவைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் முடியும் வேலை.

தமிழ் வழி மாணவி என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நல்ல செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நீட் வினாத்தாள் தமிழிலும் தரப்படுகிறது. ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. எனவே பாடநூலின் கலைச்சொல்லையும் அதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லையும் இரண்டு பத்தியாக எழுதிய நோட்டு ஒன்று, பாடம் நடக்க நடக்க வளர வேண்டும். செயலியைத் திறக்கும்போது அந்த நோட்டு பக்கத்தில் இருக்கட்டும். மாநிலப் பாடநூலின் பி.டி.எஃப். கோப்பு இலவசமாகவே கிடைக்கிறது, ஆங்கில வழிப் பதிப்பும் அப்படியே. இரண்டையும் இறக்கி வைத்துக்கொண்டால் ஒரே பாடத்தை அருகருகே பார்க்கலாம். கைப்பேசிக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஒரு சின்னச் சிக்கல்: தமிழ்க் கோப்புகள் பலவற்றில் எழுத்துரு பழைய முறையில் இருப்பதால் தேடுபெட்டியில் சொல்லைத் தட்டினால் அகப்படாது. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்துக்குப் போவதுதான் வழி.

நீண்ட பாடத்தை ஊன்றி வாசிக்க மட்டும் அச்சுப் புத்தகமே மேல். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளில் பங்கேற்ற 1,70,000க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த பகுதிகளைத் தாளில் வாசித்தவர்களுக்குப் புரிதல் கூடுதலாக இருந்தது, குறிப்பாக நேரக் கட்டுப்பாடு இருந்தபோது. வேறுபாடு மலையளவு இல்லை. ஆனால் திசை தெளிவாக இருந்தது. வினைவழிமுறைகள் போன்ற பகுதிகளில் முந்தைய பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்தைத் திறப்பது கைப்பேசியில் நடக்காத காரியம். செய்தியும் விளையாட்டும் குறுக்கிடுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, வீட்டில் நீங்களே பார்ப்பீர்கள்.

மனப்பாடத்துக்கு மட்டும் கைப்பேசிக்கு ஒரு தனி இடம் தருவேன். கரிம வேதியியலில் பெயர் கொண்ட வினைகள் ஒரு பட்டாளமே இருக்கின்றன. கன்னிசரோ, ஆல்டால், ரீமர்–டீமன், ஹாஃப்மன் புரோமமைடு என்று போகும். அவற்றை இடைவெளி விட்டு இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கும் அட்டைச் செயலிகளில் 'அங்கி' பழையது, 2006 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இலவசம், தமிழும் ஏற்கும். தெரிந்த அட்டையைத் தள்ளிப்போட்டு, தெரியாததைச் சீக்கிரம் திரும்பக் கொண்டுவரும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு அது நல்ல துணை. ஆனால் அட்டையை அவளே எழுத வேண்டும், யாரோ செய்துவைத்த தொகுப்பை இறக்கக்கூடாது. அட்டையின் முன்பக்கத்தில் "பென்சால்டிஹைடு, அடர் சோடியம் ஹைட்ராக்சைடு: என்ன விளையும்?" என்பதோடு நிறுத்தாமல், "ஏன் இங்கே ஆல்டால் வினை நடக்காது?" என்றும் கேட்க வேண்டும். ஆல்ஃபா ஹைட்ரஜன் (ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) இல்லை என்ற பதில் வந்தால்தான் பென்சைல் ஆல்கஹாலும் சோடியம் பென்சோயேட்டும் விளைவதற்கு அர்த்தம் உண்டு.

செய்முறைக்கு வருகிறேன். மெய்நிகர் ஆய்வகச் செயலிகளை முந்தின நாள் ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். திரையில் கால்சியத்தின் செங்கல் சிவப்பும் ஸ்ட்ரான்ஷியத்தின் கருஞ்சிவப்பும் இரண்டு தெளிவான நிறங்களாக இருக்கும். புன்சன் சுடரில் அவை ஒரு நொடி மின்னி மறையும். சோடியம் கொஞ்சம் கலந்திருந்தால் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். பர்மாங்கனேட் தரம்பார்த்தலில் முடிவுநிலை என்பது வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடமாவது நிலைத்து நிற்பது; ஒரு சொட்டு அதிகமானால் போதும், நிறம் அடர்ந்துவிடும். பியூரெட்டில் நிறமற்ற கரைசலுக்குக் கீழ் வளைவைப் பார்க்க வேண்டும். பர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் கீழ் வளைவு தெரியாது என்பதால் மேல் மட்டத்தைப் பார்க்க வேண்டும். இதை எந்தச் செயலியும் கைக்குக் கற்றுத் தராது. அமிலம் பட்ட விரலோடு கைப்பேசியைத் தொடுவதும் நல்லதல்ல. ஆய்வகத்தில் அளவுகளை நேராக நோட்டில், பேனாவால், கண்ட நொடியிலேயே எழுத வேண்டும். பிறகு ரெக்கார்டில் அழகாகப் படி எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் பணத்துக்கு. டேப்லெட் வேண்டாம். வீட்டில் இருக்கும் கைப்பேசியில் மூலக்கூறைச் சுழற்றவும், கோப்பைப் பார்க்கவும், அட்டை புரட்டவும் முடியும். மாநிலப் பாடநூல் இரண்டு தொகுதியும் பள்ளியிலேயே தருவார்கள். நீட்டுக்காக என்.சி.இ.ஆர்.டி. வேதியியல் நூல்களை, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும், புதிய பதிப்பாக வாங்குங்கள். அண்ணனின் பழைய பிரதி இருந்தாலும் நீக்கிய பகுதிகளை அடையாளமிட்ட பிறகே பயன்படுத்தட்டும். பயிற்சிக் கணக்குகளுக்கு ஒரே ஒரு நூல் போதும், அதை முழுதும் முடிப்பதுதான் கடினம். கோடிடாத நோட்டுகள் நிறைய வேண்டும், வரைவதற்கு.

மீதிப் பணத்தில் பந்து–குச்சி மூலக்கூறு மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கலாம். தோழிகள் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் சுமை குறையும். அனைவரும் ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்தப் போவதில்லை. வாங்கும்போது கார்பன் பந்தின் நான்கு துளைகளும் நான்முகிக் கோணத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஹாஃப்மன் காலத்துத் தட்டைக் கார்பன் இப்போதும் மலிவுப் பெட்டிகளில் வருவதுண்டு. அணைவுச் சேர்மங்களுக்காக ஆறு துளை உள்ள பந்து ஒன்றாவது இருக்க வேண்டும். இரட்டைப் பிணைப்புக்கு வளையும் குச்சிகள் தனியாக இருக்கின்றனவா என்பதையும் கடையிலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.